வண்டிக்கும் மூச்சு முட்டும்!

சகோதரிகளே, "சமையலும் குழந்தை வளர்ப்பும் எழுதுகிறவளுக்குக் கார் எதற்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் பட்ட பாட்டைக் கேட்டால் நீங்களே எழுதச் சொல்வீர்கள்.

எங்களிடம் 1992-ஆம் வருடத்து மாருதி 800 ஒன்று இருக்கிறது. ஒரு சாயங்காலம் சின்னவனுக்கு நல்ல ஜுரம். அவர் ஊரில் இல்லை. பிள்ளையை அத்தை மடியில் கிடத்தி, தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். வில்லுக்குறி தாண்டி ஓர் ஏற்றத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. மிதிக்க மிதிக்க விக்கியது. பிறகு நின்றே போயிற்று. பின்னால் லாரி! எனக்குக் கை கால் உதறிவிட்டது. பத்து நிமிடம் கழித்து, ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிற்று.

பட்டறையில் ப்ளக் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம். மறுவாரமும் அதே கதை.

பிள்ளைக்கு ஜுரமென்றால் டாக்டர் முதலில் என்ன கேட்கிறார்? "எப்போ வருது? காலையிலா, ராத்திரியா?" என்றுதானே! வண்டிக்கும் அப்படியே பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்தேன். மழையானாலும் வெயிலானாலும், இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் நிற்கிறது. நோட்டைப் பார்த்த மெக்கானிக் தம்பி, "அக்கா, அடுத்த தடவ நின்னா பெட்ரோல் மூடியை மெள்ளத் திறந்து பாருங்க" என்றான். திறந்தேன். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போயிற்று. வண்டியும் உடனே கிளம்பிற்று!

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தானே வரும்? அதுதான் சங்கதி. பெட்ரோல் குறையக் குறைய டேங்கிற்குள் காற்றுப் போக வேண்டும். கொட்டகையில் இரண்டு மாதம் சும்மா நின்றபோது, காற்றுப் போகும் சிறு குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது! "கொளவி கூடு கட்டினா வீட்டுக்கு நல்லதுல்லா மக்களே" என்றார் அத்தை. "வீட்டில் கட்டட்டும் அத்தை, காரில் வேண்டாம்" என்றேன்.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க:

* சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. விக்கி விக்கி நின்றால் பெட்ரோல் கோளாறு.

* மழையில் மட்டும் நின்றால், என்ஜினை அணைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ப்ளக் ஒயர்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

* சமதளத்தில் ஓடி, ஏற்றத்தில் திணறினால் பெட்ரோல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைந்த சாமான்கள் இவை.

* இந்த வண்டிக்கு மூன்று ப்ளக். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்றுப் போதவில்லை.

* 2025-லிருந்து பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள்.

சோதிக்கும்போது அருகில் நெருப்பு கூடவே கூடாது. கதவடைத்த கொட்டகையில் என்ஜினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

ஓடும்போது என்ஜின் நின்றுவிட்டால் பதறாதீர்கள். சாவியை எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பல வண்டிகளில் பிரேக்கும் கடினமாகிவிடும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். விளக்கைப் போட்டு, பிள்ளைகளைச் சாலைப் பக்கமில்லாத கதவு வழியாக இறக்குங்கள்.

சின்னவனுக்கு ஜுரம் விட்டுவிட்டது. வண்டிக்கும்தான்! நோட்டு மட்டும் இன்னும் காரிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியிலும் ஒன்று போட்டு வையுங்களேன்.