பாட்டுக்காரனுக்குக் கணக்கு எதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வயது 23. கிடார் வாசிப்பான். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடவும் செய்வான். படுக்கையறையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பதிவும் செய்துவிடுவான். சினிமா வாசனையே இல்லாத ஐந்து பாட்டுகள் கையில் வைத்திருக்கிறான். அதில் ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால், பையன் அன்றைக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட வரவில்லை. 14 பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தத்தை நீட்டினான்.

'மியூசிக் கம்பெனில குடுத்தாங்க சார். வெள்ளிக்கிழமை சைன் பண்ணணும். நீங்க பி.காம்.தானே, ஒரு தடவ பாத்துடுங்களேன்.'

'நீ படிச்சியா?'

'எனக்கு அதெல்லாம் புரியாது சார். நான் ஆர்ட்டிஸ்ட்.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. புரியவில்லை என்பதில் தப்பில்லை. அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னான் என்பதுதான் விஷயம். ஏதோ விரதம் இருப்பதைச் சொல்வதுபோல.

இந்தப் பெருமையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். மளிகைக் கடையில் பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்ப்பவரைக் கெட்டிக்காரர் என்போம். கச்சேரி செய்தவர் 'எனக்கு எவ்வளவு?' என்று கேட்டுவிட்டால் 'என்னங்க, பணத்துலயே குறியா இருக்காரே' என்போம். அவருக்குத் தருவதைச் சம்பளம் என்றுகூடச் சொல்லமாட்டோம், சன்மானம்! வெற்றிலை பாக்கோடு உறையில் போட்டுத் தருவோம். அவர் அதை நம் எதிரில் பிரித்துப் பார்த்தால் மரியாதைக் குறைவு. சரி, அந்த உறையில் பணம் குறைந்தால் லாபம் யாருக்கு? கலைஞனுக்குக் கணக்குத் தெரியக் கூடாது என்கிற 'உயர்ந்த' கொள்கையை, கணக்குப் புத்தகம் எவர் கையில் இருக்கிறதோ அவர்தான் அதிகச் சத்தமாகச் சொல்கிறார். கவனித்துப் பாருங்கள்.

இசை சொல்லித்தரும் இடங்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. 72 மேளகர்த்தா ராகங்களையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பார்கள். சவுண்ட் என்ஜினீயரிங்குக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குவார்கள். ஒரு ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியை முதலில் படிப்பது என்று ஒரே ஒரு மணி நேர வகுப்பு? நான் விசாரித்த இடங்களில் இல்லை.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். முதல் பக்கத்திலேயே ஒரு வரி. பாடல்களின் சகல உரிமைகளும் 'பிரபஞ்சம் முழுவதற்கும், நிரந்தரமாக' கம்பெனிக்கு மாற்றித் தரப்படுகின்றன. சிரிக்காதீர்கள். இது இந்தக் கம்பெனியின் சொந்தக் கற்பனை இல்லை. உலகம் முழுக்க இசை ஒப்பந்தங்களில் புழங்குகிற வாசகம். நாளைக்குச் செவ்வாய் கிரகத்தில் டீக்கடை திறந்து அங்கே இந்தப் பாட்டைப் போட்டாலும், காசு கம்பெனிக்கு.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் பிரபஞ்சத்தை இழுக்கிறார்கள்? நம் காப்புரிமைச் சட்டத்தைப் பார்த்தால் புரியும். 1957-ம் வருஷத்துச் சட்டம். அதன் 19-வது பிரிவு சொல்கிறது: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்று அர்த்தம். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அதாவது, சட்டம் பேசாமல் கிடந்தால் பையன் பக்கம்தான் கிடக்கிறது. 'நிரந்தரம்' என்று இவன் கையெழுத்துப் போட்டுத்தான் அதைக் கம்பெனி பக்கம் தள்ளிவிட வேண்டும்.

நிரந்தரம் என்றால் எவ்வளவு தெரியுமா? பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் காப்புரிமை, படைத்தவரின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு இன்னும் 60 வருஷம். பையன் 80 வயது வரை இருக்கட்டும். 57-ம் 60-ம் 117 வருஷம். பேரன், கொள்ளுப்பேரன் காலத்துச் சொத்து. இதை வெள்ளிக்கிழமை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறான். கால் கிரவுண்ட் நிலம் விற்பதென்றால் வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், வக்கீல், சாட்சி என்று அலைகிற அதே குடும்பத்துப் பையன்!

இங்கே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டு என்பது ஒரு சொத்து இல்லை, குறைந்தது இரண்டு. வரிகளும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, மாஸ்டர் என்பார்களே, அது இன்னொன்று. சினிமாவில் காசு போட்டுப் பதிவு செய்பவர் தயாரிப்பாளர். அதனால் அந்தப் பதிவு அவருடையது. சொந்தக் காசில், சொந்த அறையில், சொந்தப் பாட்டைப் பதிவு செய்த என் பையனுக்குத் தயாரிப்பாளர் யார்? அவனேதான். கவிஞர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் மூன்று நாற்காலியிலும் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். தனியிசைக்காரன் பிறக்கும்போதே முதலாளி. கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூலிக்காரன் ஆகிறான்.

இரண்டு சொத்து என்பதன் அருமை அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டைக் கேட்டால் தெரியும். 2005-ல், 15 வயதில் கம்பெனியோடு ஒப்பந்தம். முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டரும் கம்பெனிக்கு. 2019-ல் கம்பெனியே கைமாறியது. கூடவே மாஸ்டர்களும் போயின. அடுத்த வருஷம் அந்த மாஸ்டர்கள் மறுபடி விற்கப்பட்டன. அந்த அம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பாட்டின் வரிகளும் மெட்டும் தன் கட்டுப்பாட்டில் இருந்ததால், 2021-லிருந்து பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பாடிப் பதிவு செய்தார். நாலு ஆல்பம் அப்படி வந்தது. ரசிகர்கள் புதுப் பதிவுக்குத் தாவினார்கள். 2025 மே மாதம் பழைய மாஸ்டர்களையும் விலைக்கு வாங்கிவிட்டார். (அப்பா பங்குச் சந்தைத் தரகர். வீட்டில் கணக்குப் பேசியிருப்பார்கள்போல.)

எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. அதே ஊரில் டி.எல்.சி. என்று மூன்று பெண்கள். 1994-ல் அவர்கள் போட்ட ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கான சான்றிதழ் வாங்கியது. அந்த ஆல்பம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த 1995-ல் மூன்று பேரும் கோர்ட்டில் திவால் மனு கொடுத்தார்கள்.

எப்படி முடியும் என்கிறீர்களா? பையனின் ஒப்பந்தம் 6-வது பக்கம் வாருங்கள். வருமானத்தில் கம்பெனிக்கு 80, கலைஞருக்கு 20. கேட்க மோசமில்லை. அடுத்த வரி: வீடியோ, விளம்பரச் செலவுகள் 'கலைஞரின் பங்கிலிருந்து' ஈடுகட்டப்படும். மூன்று வருஷம் பேரேடு எழுதியதற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. பென்சிலை எடுத்தேன்.

செலவு 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு 20 லட்சம் சம்பாதிக்கிறது. பையனின் 20 சதவிகிதம் 4 லட்சம். அது முழுக்கச் செலவுக்குக் கழிந்துவிட்டது. அவன் கணக்கில் பூஜ்யம். கம்பெனிக்கு வந்தது முழு 20 லட்சம். போட்ட 4 லட்சம் போக 16 லட்சம் லாபம். அதே 4 லட்சத்தை மொத்த வருமானத்தில் முதலில் கழித்துவிட்டு, மீதி 16 லட்சத்தை 80-க்கு 20 என்று பிரித்திருந்தால்? பையனுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். சதவிகிதம் மாறவில்லை. 'கலைஞரின் பங்கிலிருந்து' என்ற இரண்டு வார்த்தை 3 லட்சத்து 20 ஆயிரத்தை விழுங்கிவிட்டது.

இன்னும் ஒன்று. அவன் பங்கில் கழித்து எடுத்த வீடியோ யாருக்குச் சொந்தம்? கம்பெனிக்கு. அடகு வைத்த நகைக்கு முதலும் வட்டியும் கட்டிய பிறகு, 'நகையும் எங்களுக்குத்தான்' என்று கடைக்காரர் சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கடையை என்ன செய்வார்கள்?

9-வது பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிர்கால ராயல்டி எல்லாவற்றையும் கலைஞர் விட்டுக்கொடுக்கிறாராம். நம் நாட்டில் 1977-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சினிமாப் பாட்டு விஷயத்தில் தயாரிப்பாளர் பக்கம் போனது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் 35 வருஷம் காத்திருந்து, 2012-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் உட்கார்ந்து அதற்காக வாதாடினார். அந்தத் திருத்தப்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. சினிமாவில் வராத பாட்டுக்கும் உண்டு. அதை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தரலாமே தவிர, வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது.

செல்லாத பத்தியை எதற்கு அச்சடிக்கிறார்கள்? கையெழுத்துப் போடுகிறவன் ஆர்ட்டிஸ்ட் என்ற நம்பிக்கையில்தான்.

அந்தப் பங்கு தானாக வீடு தேடி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.ஆர்.எஸ். என்று 1969-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. அதில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பெயர் போட்டுப் பதிந்து வைக்க வேண்டும். இணையத்தில் பாட்டை ஏற்றித் தருகிற டிஸ்ட்ரிபியூட்டர்கள் பொதுவாக ஒலிப்பதிவுக்கான காசைத்தான் வாங்கித் தருவார்கள்; வரிக்கும் மெட்டுக்குமான காசு இந்த வழியாக வரவேண்டும். பையனுக்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற பெயரே புதிது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாவிட்டால், 2024-லிருந்து அதற்கு ஒலிப்பதிவு ராயல்டி கணக்கிடப்படுவதில்லை என்பதும் புதிது. ரசிகர்களை மட்டும் ஆயிரக்கணக்கில் எண்ணி வைத்திருக்கிறான்.

கம்பெனிக்காரரை நம்பியார் ஆக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். பத்துப் பாட்டில் காசு போட்டால் ஒன்று ஓடும். அந்த ஒன்றில்தான் அவர் மற்ற ஒன்பதின் நஷ்டத்தை எடுக்க வேண்டும். வியாபாரி தன் பக்கம் சாய்த்துத்தான் எழுதுவார். எதிர்ப்பக்கம் படித்துப் பார்க்க ஆள் இல்லாமல் போனதற்கு அவரா பொறுப்பு?

கம்பெனிகூட வேண்டாம், நண்பர்களுக்குள்ளேயே பாருங்கள். நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பிக்கிறார்கள். சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பகிர்ந்துகொண்டால் அது கூட்டு வியாபாரம். பங்கு பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளாவிட்டால் லாபம் சரிசமம் என்கிறது 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம். ராத்திரி பகலாகப் பாட்டு எழுதியவனுக்கும், ஒத்திகைக்குப் பாதி நாள் வராத டிரம்ஸ்காரனுக்கும் ஒரே பங்கு. பாட்டு முடிந்த அன்று ராத்திரி, பிரியாணி வருவதற்குள், யாருக்கு எத்தனை சதவிகிதம் என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்? 'ஃப்ரெண்ட்ஸுக்குள்ள என்ன சார்' என்பார்கள். பாட்டு ஓடாதவரை அது சரிதான்.

ஓடிவிட்டால்? 2021-ல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' ஓடிய மாதிரி ஒரு தமிழ்த் தனியிசைப் பாட்டு ஓட முடியுமா? அடுத்த வருஷமே அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பெயர் என்று பகிரங்கமாக வாக்குவாதம். 2024 மார்ச்சில், மூன்று வருஷமாகத் தனக்கு அதிலிருந்து வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனமும் தன் பக்கத்து விளக்கத்தைச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. சினிமாவில் இவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கே இந்தச் சிக்கல் வருகிறதே, படுக்கையறையில் பாடுகிற பையன் எம்மாத்திரம்?

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம் வரை உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னேன். கடைசியில், 'வெள்ளிக்கிழமை போய் ரெண்டே ரெண்டு கேள்வி கேளு' என்றேன். உரிமையை எழுதி வாங்கிக்கொள்வதற்குப் பதில் இத்தனை வருஷத்துக்கு என்று லைசென்ஸாக வாங்கிக்கொள்வீர்களா? செலவை என் பங்கில் கழிக்காமல் மொத்தத்தில் கழிப்பீர்களா? ஒரு வக்கீலிடமும் காட்டிவிடு என்று சொல்லி, எனக்குத் தெரிந்த ஒருவருடைய நம்பரும் கொடுத்தேன்.

பையன் முகம் வாடிவிட்டது. 'கேட்டா கோச்சுக்கிட்டு வேணாம்னு சொல்லிடுவாங்களோ சார்?' என்றான். நாலு நாளும் அதே பயத்தில் இருந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போன்.

'கேட்டேன் சார்.'

'கோச்சுக்கிட்டாங்களா?'

'இல்ல சார். ஒண்ணுமே சொல்லல. டிராயரைத் திறந்து இன்னொரு அக்ரிமென்ட்ட எடுத்துக் குடுத்தாங்க. ஏழு வருஷம் லைசென்ஸ், செலவு போக பாதிப் பாதி. முன்னாடியே பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காங்க சார். பேரு எழுதற எடம் மட்டும் காலியா இருந்தது.'