கூடும் சேடும் கூடாச் சேடும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணாக்கருக்குக் கணித பாடத்திலே 'சேடுகள்' என்றொரு பகுதி உண்டு. √2, √3, √7 என்றவாறு மூலம் முழுமையாக வெளிவராத எண்களைக் கூட்டவும் கழிக்கவும் அங்கே கற்பிக்கிறார்கள். தமிழ்நாட்டார் இவற்றை விகிதமுறா மூலங்கள் என்பர். சிங்களப் பாடநூல்கள் வடமொழிப் பெயரைப் பேணிக் 'கரணி' என்கின்றன. அப்பெயரின் பெருமையைப் பின்னர்ச் சொல்லுவோம்.

√2 + √8 எவ்வளவு என்று கேட்டால், √10 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆசிரியர் சிவப்பு மையினாற் குறுக்கே ஒரு கோடு கீறுவார். 'ஒத்த சேடுகளையே கூட்டலாம்' என்னும் விதியைக் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளை அதனை மனனஞ் செய்யும், பரீட்சையன்று மறந்துபோகும். மறவாமல் என் செய்யும்? √10 ஏன் பிழையென்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லையே!

களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினாற் படுவான்கரை, அங்கே வயல்வெளி. முப்பது மீற்றர் அகலமும் நாற்பது மீற்றர் நீளமும் உடைய ஒரு வயலை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வரம்பு வழியே நடந்தால் 30 + 40, அதாவது 70 மீற்றர். அறுவடை முடிந்த காலத்திலே குறுக்கே விழுந்து நடந்தால் 50 மீற்றர். முன்னையது √900 + √1600, பின்னையது √2500. மூலக்குறிக்குள்ளே எண்களைக் கூட்டிய பிள்ளை வரம்பை விட்டுக் குறுக்கு வழியிற் போய்விட்டது. அவ்வழி எப்பொழுதும் குறுகியது. ஆதலால் விடையும் எப்பொழுதும் குறைந்தே வரும்.

அப்படியாயின் √2 + √8 இன் சரியான விடை யாது? இரண்டு சதுர மீற்றர் பரப்புள்ள சதுரமான கத்தரிப் பாத்தி ஒன்றை வளவிலே கீறுங்கள். அதன் பக்கம் √2 மீற்றர். அதே அளவான நான்கு பாத்திகளை இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் எட்டுச் சதுர மீற்றர் கொண்ட பெரும் பாத்தி கிடைக்கும். அதன் பக்கம் √8 மீற்றர். கண்ணாற் பார்த்தாலே சிறு பாத்தியின் பக்கத்தைப் போல இருமடங்கு. ஆகவே √8 என்பது 2√2. ஒரு √2 உடன் இரண்டு √2 சேர்ந்தால் மூன்று √2. அந்நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தில் ஒன்பது சிறு பாத்திகள் அடங்கும், பரப்பு 18. எனவே விடை √18, ஏறத்தாழ 4.24 மீற்றர். √10 என்று எழுதியவர் 3.16 மீற்றரோடு நின்றுவிட்டார்; வேலிக்கு ஒரு மீற்றருக்கு மேல் கம்பி போதாமற்போகும்.

கரணி என்னும் சொல் மிகப் பழையது. வேள்விக்குரிய மேடைகளைக் கயிறு கொண்டு அளந்த சுல்ப சூத்திரகாரர், ஒரு சதுரத்தின் இருமடங்கு பரப்பைத் தரும் பக்கத்தை 'துவிகரணி' என்றனர். நாம் √2 என்பது அதுவே. பின்னர் 12ஆம் நூற்றாண்டிலே பாஸ்கராசாரியார் தமது பீஜகணிதத்திற் கரணிகளைக் கூட்டவும் கழிக்கவும் அழகியதொரு வழி சொன்னார். இரண்டு எண்களையும் பெருக்குக: 2 × 8 = 16. அதன் மூலம் 4, இருமடங்கு 8. எண்களின் கூட்டுத்தொகை 10. பத்துடன் எட்டைக் கூட்ட 18, கழிக்க 2. ஆகவே √8 + √2 = √18; √8 − √2 = √2. மூன்றுக்கும் இருபத்தேழுக்கும் இவ்வாறே செய்தால் √48, √12 என வரும். அடுத்து √3, √7 இரண்டையும் தந்து, இதற்கு மாத்திரம் நெடுநேரம் சிந்திக்குமாறு மாணாக்கனுக்குச் சொல்லிவைக்கிறார். குறும்புக்கார ஆசிரியர்! பெருக்கம் 21, அதற்கு முழு மூலம் இல்லை. ஆதலால் அவை கூடா. √3 + √7 என்று அருகருகே எழுதிவைப்பதே விடை. விடை முடியவில்லையே என்று கலங்கும் பிள்ளைகளுக்கு இதனை அழுத்திச் சொல்லவேண்டும்.

தசமத்தில் எழுதிவிட்டால் என்ன என்பாரும் உளர். √50 + √18 − √8 என்பது 5√2 + 3√2 − 2√2, அதாவது 6√2. இதன் வர்க்கம் சரியாக 72. ஒவ்வொன்றையும் ஒரு தசம தானத்துக்குச் சுருக்கினால் 7.1 + 4.2 − 2.8 = 8.5, அதன் வர்க்கமோ 72.25. கணக்கு நீள நீள இப்பிழையும் வளரும்.

'எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது' என்று பிள்ளையின் காதுபடவே சொல்லும் பெற்றோரிடம் நமக்குச் சிறிது கோபம் உண்டு. கணிதத்திற் சித்தியெய்தாமையால் மேற்படிப்பின் வாயிலிலே தடைப்பட்டு நிற்கும் இளைஞர் எத்தனை பேர்! 1947இல் யாழ் நூலை வெளியிட்ட காரைதீவு விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன்னர் விஞ்ஞானம் கற்பித்தவர். அந்நூலிலே இசையும் கணக்கும் ஒருங்கே நடக்கின்றன. அவர் பிறந்த மண் இதற்கு அயலிலேதான் இருக்கிறது.

இன்று மாலை பிள்ளையிடம் இதனைக் கொடுத்துப் பாருங்கள்: √75 + √12 − √27. விதியைக் கேளாதீர்கள். மூன்று சதுர மீற்றர்ப் பாத்தி ஒன்றை முற்றத்து மணலிலே கீறச் சொல்லுங்கள். எழுபத்தைந்தில் அத்தகைய பாத்திகள் எத்தனை, வரிசைக்கு எத்தனை என்று கேளுங்கள். விடை 4√3 என வரவேண்டும்.