வேலியும் வேண்டும், தரமும் வேண்டும்

வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போடலாமா கூடாதா என்று கேட்டால், நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இரண்டு பதில் கிடைக்கும்.

சேகோ ஆலைக்காரர் "போட வேண்டும்" என்பார். 1942-ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றது. அந்தக் காலத்தில்தான் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு சேலத்தில் இத்தொழில் வேரூன்றியது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமையும் அளவுக்கு வளர்ந்தது. போட்டி இல்லாத சில ஆண்டுகள் ஒரு தொழிலையே தந்தன.

நாமக்கல் கோழிப்பண்ணையாளரோ "குறைக்க வேண்டும்" என்பார். தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். இறக்குமதி வரி மக்காச்சோள விவசாயியைக் காக்கிறது. ஆனால் உள்ளூரில் விளைச்சல் குறைந்து விலை ஏறும்போது முட்டையின் அடக்க விலையும் ஏறுகிறது. கடைசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது மளிகைக் கடைக்காரர்களாகிய நாம்தான்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. விவசாயிக்கும் சிறு ஆலைக்கும் பாதுகாப்பு தேவை என்பதே நமது கருத்து. ஆனால் பாதுகாப்புப் பெறுபவர் பதிலுக்குத் தரமான சரக்கைத் தரவேண்டும். வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த ஜவ்வரிசியும், மக்காச்சோள ஸ்டார்ச் கலந்த ஜவ்வரிசியும் சந்தைக்கு வந்தால், எந்த வரியும் அத்தொழிலைக் காப்பாற்றாது. அதிகாரிகள் மாதிரி எடுக்க வருவதும் முதலில் நம் கடைக்குத்தான்.

எனவே வணிகப் பெருமக்களே, வரியை அரசு பார்த்துக்கொள்ளட்டும். மூட்டையைப் பிரித்துப் பார்த்து, கலப்படச் சரக்கை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது நம் கையில் இருக்கிறது.