கேரம் மன்றத்துக்கு வரி விலக்குப் பத்திரம் எதற்கு?

வைட்ஃபீல்ட், காடுகோடி வட்டாரத்தில் நம் இளைஞர்கள் நடத்தும் கேரம் மன்றங்களுக்கு, “12ஏ, 80ஜி பதிவு வாங்கிவிடுங்கள், வரியும் இல்லை, நன்கொடையும் குவியும்” என்று உபதேசம் மும்முரமாக நடக்கிறது. (இவை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு, சங்கதி ஒன்றுதான்.) உபதேசிகளில் சிலர் விண்ணப்பம் எழுதக் கட்டணமும் கேட்கிறார்கள். தோழர்களே, அவசரம் வேண்டாம் என்பதே நம் கருத்து.

முதலில் பயத்தைப் போக்குவோம். நாற்பது பேர் மாதம் 50 ரூபாய் சந்தா போட்டால் ஆண்டுக்கு 24,000 ரூபாய். அது வாடகைக்கும் காய்க்கும் பவுடருக்கும் போய்விடும். உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போட்டுச் செலவழிக்கும் பணம் வருமானமே அல்ல என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட கொள்கை. அதன் எல்லையைக் காட்டியது நம் ஊர் பெங்களூர் கிளப்பின் வழக்கு. 1868-ல் வெள்ளைக்கார அதிகாரிகள் தொடங்கிய கிளப் அது. சர்ச்சில் 13 ரூபாய் பாக்கி வைத்துப் போன இடம்! உபரிப் பணத்தைத் தன் உறுப்பினர்களாகவே இருந்த வங்கிகளில் போட்டு, அந்த வட்டிக்கும் வரி கிடையாது என்று வாதாடியது. வங்கி அப்பணத்தை வெளியாருக்குக் கடன் கொடுத்துச் சம்பாதிக்கிறதே என்று கூறி, 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாதத்தைத் தள்ளிவிட்டது. நமக்கு அந்தக் கவலை வர, முதலில் உபரி வரவேண்டும்.

80ஜி-யால் லாபம் யாருக்கு? நன்கொடை தருபவருக்கு, அதுவும் பழைய முறையில் வருமான வரி கட்டுபவருக்கு மட்டும். சென்ட்ரிங் வேலை செய்யும் தோழருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிக்கும் அந்த ரசீதால் காலணாப் பயனில்லை. ஆக, கண் இருப்பது கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தின் மீது. அதற்கோ பதிவு மட்டும் போதாது, மூன்றாண்டு வேலை செய்த அனுபவமும் காட்டவேண்டும். கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். சுவரில் கம்பெனியின் பெயர்ப் பலகை ஏறும். அதே கம்பெனிக்கு வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் கூலியைப் பிடித்துக்கொண்டால், அந்தப் பலகையின் கீழ் உட்கார்ந்து நாம் வாய் திறந்து பேச முடியுமா? ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் வாடகை, கூலி, ரேஷன் கார்டு பற்றியெல்லாம் பேசும் இடம் அது. கேரம் பலகை ஒரு சாக்குத்தான்.

தவிர, தாமே ஆடிக் களிக்கும் மன்றத்தைச் சட்டம் தர்ம காரியமாகக் கொள்வதில்லை. கதவு ஊருக்கே திறந்திருக்கவேண்டும். வாங்கிய பதிவு ரத்தானால், 2016-ல் வந்த விதிப்படி, மன்றத்தின் நிகரச் சொத்து மதிப்பின் மீதே உச்ச வீத வரி விழும்.

ஆனால் சங்கப் பதிவு வேறு விஷயம், அது அவசியம். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் கொடுக்கவேண்டும். வைட்ஃபீல்டே 1882-ல் ஆங்கிலோ-இந்தியர் சங்கமொன்று மைசூர் மன்னரிடம் நிலம் பெற்று உண்டாக்கிய ஊர்தானே! இன்று நம் மன்றங்களின் பணம் பொருளாளரின் சொந்த போனில் கிடக்கிறது. அவர் ஊருக்குப் போய்விட்டாலோ, கண் மூடிவிட்டாலோ கேட்பது யாரை? மன்றத்தின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் மூன்றும் இருக்கட்டும்.

சில மன்றங்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித் தருகின்றன. அது வளர்ந்து வெளிப்பணம் தேவைப்பட்டால், அதற்கென்று தனி அறக்கட்டளை வைத்து வரி விலக்கு கேட்கலாம். அதையும் உறுப்பினர் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்யுங்கள். பொருளாளரும் கணக்கரும் மட்டும் பேசி முடித்துவிட வேண்டாம்.