பூச்சியம் என்றால் என்ன?

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் பலர், "றிசீவரைப் பாதிக்கு மேல் திருப்பினால் சுவரே அதிரும்" என்று பெருமை பேசுகின்றனர். சீர்செய்யப்படாத கருவியில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்கிறேன் நான்.

பல றிசீவர்கள் ஒலியளவைக் கழித்தல் எண்களில் காட்டுவது காரணத்தோடுதான். அங்கே பூச்சியம் என்பது திரையரங்கின் நியம அளவு. பிரதான ஒலிபெருக்கி ஒவ்வொன்றிலும் உச்ச ஒலி 105 டெசிபல். ஆனால், ஒலிபெருக்கிகளைச் சமன்செய்த பின்னரே அது உண்மையாகும்.

சமன்செய்வது கடினமன்று. அமரும் இருக்கையில், காதின் உயரத்தில் ஒலிமானியை வையுங்கள். றிசீவரின் சோதனை இரைச்சலை ஒலிபெருக்கிகளில் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, எல்லாவற்றையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தச் சிறு வேலையைச் செய்யாதவர்களே, வசனம் கேட்கவில்லையென்று மொத்த ஒலியையும் கூட்டுகின்றனர். வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருகிறது. அது தாழ்ந்திருந்தால் அதை மட்டும் உயர்த்துவதே முறை. அனைத்தையும் உயர்த்தினால் அடுத்து வரும் வெடிச்சத்தத்தில் அயல்வீட்டுக் குழந்தை அலறி எழும்.

சமன்செய்த பின்னரும் பூச்சியத்தை எட்டியே தீரவேண்டும் என்பது வீம்பு. சிறிய அறைக்கு அதற்கு வெகு கீழேயே போதும். 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணிநேரமே வேலைசெய்யலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. தொழிற்சாலைக்கு வகுத்த அந்த எச்சரிக்கையை வரவேற்பறையில் மீறுவதில் என்ன பெருமை? கருவி பழுதானால் புதிது வாங்கலாம். இரைச்சலால் கெட்ட செவி மீளாது.