லேசருக்கு முன் பெட்டி

மாணவர் தம் கையாற் செய்த சி.என்.சி. பொறியிலே சுழல்வெட்டியைக் கழற்றிவிட்டு லேசர் பூட்ட விரும்புவது இயல்பே. எழுத்தாணி ஓலையைக் கீறிற்று. லேசர் மரத்தைக் கருக்கி எழுதுகின்றது. ழகரத்தின் சுழியும் பிசகாது. தமிழாசிரியராகிய எமக்கு இதில் மகிழ்ச்சியே. ஆயினும் லேசர் வாங்குமுன் அதற்குரிய பெட்டியைச் செய்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

சுழல்வெட்டி தன் இரைச்சலாலேயே நம்மை விலக்கிவிடும். லேசரோ ஓசையற்றது. 450 நனோமீற்றர் அலைநீளமுடைய நீலக்கதிர் 5 உவாற்று வலுவில் இமை மூடுமுன் விழித்திரையைச் சுட்டுவிடும். உலோகத்திற் பட்டுத் தெறித்தாலும் அவ்வாறே. வெயிலுக்கு அணியும் கறுப்புக்கண்ணாடி இதற்கு உதவாது. அவ்வலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். தெளிந்த அக்கிரிலிக்குப் பெட்டி பார்வைக்கு அழகுதான். நீலக்கதிர் அதனை ஊடுருவிச் செல்லும். உட்புறம் மங்கற் கறுப்புப் பூசிய தகரப்பெட்டியும், கதவு திறந்ததும் மின்னை அறுக்கும் ஆளியும், புகைபோக்கும் விசிறியுமே தக்கவை. பி.வி.சி. தகட்டை உள்ளே வைக்கவே கூடாது. அதிலிருந்தெழும் ஐதரசன் குளோரைட்டு நெஞ்சையும் அரிக்கும், பொறியையும் அரிக்கும்.

பொறி நின்றவிடத்திற் கதிர் எரிந்துகொண்டிருந்தால் மரம் தீப்பற்றும். ஜி.ஆர்.பி.எல். மென்பொருளில் லேசர் முறையை இயக்கி எம்4 கட்டளை கொடுப்பின், வேகம் தணியுந்தோறும் வலுவும் தணியும். ஓட்டம் நின்றதும் கதிர் அணையும். அப்போதும் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

பழைய மாணவர் எவரேனும் லேசர் நன்கொடையளிக்க முன்வரின், முதலிற் கண்ணாடிகளையும் தகரத்தையும் தந்துதவுவாராக. லேசர் அடுத்த தவணைக்கு வரட்டும்.