சும்மா இருக்கும் நிலம்

மார்கழி பிறந்தால் நம்மூரில் கோலமும் வெண்பொங்கலும் நினைவுக்கு வரும். மைசூரில் அவரைக்காய். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; கன்னடத்தில் 'அவரே' என்பது நம்முடைய மொச்சை. பனி விழ விழக் காயில் பிசுக்கு ஏறி மணம் கூடும். அந்த மணத்துக்கென்றே 'சொகடு' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

நகரத்தைத் தாண்டி, இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ள வீட்டில் டிசம்பர் மாதப் பகல் எப்படி இருக்கும்? கேழ்வரகு அறுத்துப் போர் போட்டாயிற்று. கதிரடிக்க அவசரமில்லை, சங்கராந்தி கழித்துக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். மாடு தாளை மென்றுகொண்டிருக்கிறது. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, ஊறிய மொச்சையைப் பிதுக்குகிறார்கள். ராத்திரிக்குக் களியும் பிதுக்கு பருப்புக் குழம்பும். வீட்டுக்காரர் வெயில் காய்கிறார். (ஓய்வு யாருக்கு என்பதைக் கவனித்திருப்பீர்கள்.) காரில் போகிறவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியலாம்.

உண்மையில் இந்த ஓய்வு ஆடியிலேயே திட்டமிட்டது. கேழ்வரகை விதைக்கும்போதே நடுநடுவே அவரைக்கு ஒரு சால் விடுகிறார்கள். இதற்கு 'அக்கடி சாலு' என்று பெயர். நாட்டு அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும். கேழ்வரகு நிற்கும்வரை அடக்கமாக இருந்துவிட்டு, அறுவடை முடிந்ததும் வெயிலும் இடமும் கிடைக்கப் படர்கிறது. மழை நின்ற பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும். போகிற போக்கில் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது.

கேழ்வரகும் லேசான தானியமல்ல. பூச்சி அவ்வளவு சீக்கிரம் அண்டாது. முன்பெல்லாம் 'ஹகேவு' என்ற நிலவறைக் குழிகளில் ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். மழை பொய்த்த வருஷத்துக்கு அதுதான் இன்ஷூரன்ஸ். மைசூருக்குப் பக்கத்தில், மண்டியா வி.சி. ஃபார்மில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி, இந்திய ரகங்களை ஆப்பிரிக்க ரகங்களோடு கலந்து 'இண்டாஃப்' வரிசையை உருவாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயர்களும் அதில் ஒளிந்திருக்கின்றன. கேழ்வரகுப் பூ மிகச் சிறியது, தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. அதைக் கலப்பது பொறுமைசாலிகளின் வேலை. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் கேழ்வரகைக் கண்டுபிடித்தது. மைசூர்க்காரர்கள் அதைத் தொலைத்ததே இல்லை.

இப்போது அறுவடை இயந்திரம் வருகிறது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை; அறுப்பு நேரத்தில் புயல் மழை பிடித்துக்கொண்டால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். இயந்திரம் ஒரே நாளில் முடித்துத் தருகிறது. ஆனால் அது ஓட வயல் ஒரே பயிராக இருக்க வேண்டும். நடுவே நிற்கும் அவரை அதற்கு இடைஞ்சல். தாளும் முழுசாகக் கிடைக்காது.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். தானியத்துக்கு விலை உண்டு. குழம்புக்குள் போன மொச்சைக்கும் மாடு தின்ற தாளுக்கும் அந்தக் கணக்கில் பத்தி இல்லை. ஒரு சாலை விடுவதா வேண்டாமா என்று ஆடியில் முடிவு செய்கிறவர், கூடவே மார்கழிச் சாப்பாட்டையும் முடிவு செய்கிறார். அவசரத்தில் அந்தச் சாலை விட்டுவிட்டால், அடுத்த டிசம்பரில் மொச்சை வாங்க அவரும் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும்.